சின்ன ரயிலுக்கு அப்பா போட்ட வாக்கு

என் அன்பு அப்பா,

எங்கட சின்ன ரயிலை நிறுத்தப் போகிறார்கள். இதை உங்களுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் பத்து நாளாகப் பேனையைத் தூக்குவதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

நீங்கள் கண்மூடி எட்டாம் நாள், எட்டுச் செலவுச் சடங்கு அன்றுதான் ஊர் வாக்கெடுப்பின் முடிவு வந்தது. நான் படையலுக்கு வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தேன். சோலோதுர்ன் நகரில் இருந்து வந்த சித்தப்பா கைத்தொலைபேசியைப் பார்த்துவிட்டுக் கத்தினார்: “ரயில் தோத்துப் போச்சு பிள்ளை! ஒரேயொரு வாக்காலையாம்!”

“அண்ணை இருந்திருந்தா துடிச்சுப் போயிருப்பார்” என்று அவர் அழுதார். அவருக்கு என்ன தெரியும்?

அகதியாகச் சுவிஸுக்கு வந்த உங்களுக்கு முதல் வேலை தந்தது அந்த ரயில். பெட்டி கழுவிக் கழுவியே அதன் சரித்திரம் முழுக்கப் பாடமாக்கிவிட்டீர்கள். “பெரிய ரயில் எட்டிப் பார்க்காத ஊருகளுக்குச் சனமே சேர்ந்து போட்டது, பிள்ளை. செலவைக் குறைக்க ரோட்டோரத்திலையே தண்டவாளம். பாலும் மரமும் இதிலைதான் போனது. பிறகு கார் வந்த உடனை, இடைஞ்சலாம்! ஜெர்மனி, ஆஸ்திரியாவிலையும் இப்பிடித்தான் ஒவ்வொண்டாப் பிடுங்கிப்போட்டு பஸ் விட்டவங்கள்.” தேத்தண்ணி ஆறிப்போகும், நீங்கள் நிறுத்த மாட்டீர்கள்.

வாக்குக் கடிதம் வந்தால் எங்கள் வீட்டு வழக்கம் தெரியும்தானே? டொச் மொழி வாசிக்க வராத நீங்கள் கையெழுத்து வைப்பீர்கள், சீட்டை நான் நிரப்புவேன். இந்த முறை “ரயில் ஓட வேணும். ஓம் எண்டு எழுது” என்றீர்கள்.

நான் உங்கள் சீட்டில் ‘இல்லை’ என்று எழுதினேன், அப்பா.

ரயிலுக்குப் பதிலாக விடும் பஸ் ஆசுபத்திரி வாசலிலேயே நிற்குமாம். ரயிலால் இறங்கி அந்த ஏற்றத்தில் நீங்கள் மூச்சு வாங்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். சொன்னால் சண்டை வரும் என்று சொல்லவில்லை. ஒரு சீட்டில் என்ன வந்துவிடப் போகிறது என்று தபாலில் போட்டுவிட்டேன். இரண்டே நாளில் அந்த ஆசுபத்திரியிலேயே உங்கள் மூச்சு நிற்கும் என்று யார் கண்டது?

நீங்கள் சொன்னதை எழுதியிருந்தால் ரயில் ஒரு வாக்கால் வென்றிருக்கும். எப்படி யோசித்தாலும் அதுதான் உண்மை.

நேற்று, உங்களோடு பெட்டி கழுவிய அந்தச் சுவிஸ்காரர் வந்தார். “உன் அப்பா கடைசியாகச் செய்தது எங்களுக்கு வாக்குப் போட்டதுதான்” என்று என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். நான் தலையாட்டினேன். நினைக்க நினைக்க எனக்கே என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

நாளை காலை ஊர்க் கந்தோருக்குப் போய் அதிகாரியிடம் உண்மையைச் சொல்லப் போறன், அப்பா. வழக்கு வந்தாலும் வரட்டும். ஆனால் அதற்கு முதல் அந்தச் சுவிஸ்காரர் வீட்டுக் கதவைத் தட்டி, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுவன். இது சத்தியம்.

உங்கட கையெழுத்தை வைத்துத் தன் விருப்பத்தை எழுதிய,
உங்கட ஒரே மகள்