முப்பத்திரண்டாம் பக்கத்து ஹால்

மார்ச் 4

படைப்பு இயக்குநர் அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத மனம் வரவில்லை. ஆனாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

நேற்று முடிவெட்டிக்கொள்ளப் போனேன். பாதித் தலை முடிந்திருந்தபோது கடைக்காரர் உங்கள் பத்திரிகையைப் பிரித்து என் மடியில் வைத்து, "சார், இது உங்க வீட்டு ஹால் மாதிரி இல்ல?" என்றார். மாதிரி என்ன மாதிரி, அதேதான். முப்பத்திரண்டாம் பக்கம். மேலே பெரிய எழுத்தில் 'முன்'. கீழே சின்ன எழுத்தில் 'மூச்சுத் திணறும் ஹால்'. எதிர்ப்பக்கத்தில் 'பின்' என்று யாரோ ஒருவருடைய வெள்ளை ஹால். அதில் ஒரு நாற்காலி, ஒரு ஜாடி, ஜாடியில் ஒரு காய்ந்த குச்சி. மனிதர் குடியிருக்கிற அடையாளமே இல்லை.

நான் முப்பத்தோரு வருடம் லிஃப்ட் பழுதுபார்த்தவன். மூச்சுத் திணறல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். நம் ஹாலில் இதுவரை யாருக்கும் திணறியதில்லை. சோபாமேல் விரிப்பு, விரிப்பு அழுக்காகாமலிருக்க அதன்மேல் துண்டு. இதில் என்ன குற்றம்? மூன்று கடிகாரம் மூன்று நேரம் காட்டுகிறதாம், அம்புக்குறி போட்டிருக்கிறீர்கள். எது சரியென்று எங்களுக்குத் தெரியும். பீரோக் கண்ணாடியில் என் முழங்கால் தெரிகிறது. அதற்கும் ஒரு அம்புக்குறி.

போனில் பேசமாட்டேன். நீ "அப்பா" என்று ஆரம்பித்தால் என் கோபம் இறங்கிவிடும். அது இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்.

இப்படிக்கு,
'முன்' வீட்டுக்காரர்


மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

போன் செய்தால் அம்மா எடுத்து, "அப்பா மாடியில இருக்கார்" என்கிறார். நம் வீட்டுக்கு மாடியே கிடையாது. அதனால் நானும் எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். "வட்டாரப் பத்திரிகைன்னாலே மளிகைக் கடை நோட்டீஸ் மாதிரி இருக்கணுமா?" என்று கேட்டுத்தான் முதலாளியம்மா எனக்கு இந்த வேலையைக் கொடுத்தார். புது எழுத்து, 'ஈர மணல்' என்ற புது நிறம், அட்டையில் 'மூச்சு விடுங்கள்' என்ற வாசகம், எல்லாம் நான் தேர்ந்தெடுத்தவை. மூன்று இதழ் அவகாசம். அதற்குள் வாசகர்களுக்குப் பிடிக்காவிட்டால் புது முகத்தோடு நானும் வெளியே போக வேண்டியதுதான்.

'பின்' படத்துக்கு வீடு தர ஆளாளுக்கு முண்டியடிக்கிறார்கள். 'முன்' படத்துக்கு ஒரே ஒரு அம்மாள் ஒப்புக்கொண்டார். அவரும் கடைசி நேரத்தில், "மாமியார் பார்த்தா வம்பு" என்று நழுவிவிட்டார். அச்சுக்குப் போக ஒரு மணி நேரம்தான் இருந்தது. என் போனில் இருந்த படத்தைப் போட்டுவிட்டேன். யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நினைத்தேன். முடிவெட்டும் கடையை மறந்துபோனேன். எங்கள் பத்திரிகையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிற ஒரே இடம் அது.

மன்னித்துவிடுங்கள் அப்பா. முழங்காலில் இருக்கும் அம்புக்குறி நாலாவது கடிகாரம் என்று நினைத்துப் போட்டது.

உங்கள்
பட்டாணி


மார்ச் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லாம் தலைகீழாகிவிட்டது! வாசகர் கடிதங்கள் வந்து குவிகின்றன. 'பின்' ஹாலைப் பற்றி ஒருவர்கூட எழுதவில்லை. "டூட்டி முடிஞ்சு வந்து அந்தப் பழைய சோபாவில அப்படியே விழணும் போல இருக்கு" என்கிறார் ஒரு நர்ஸ். ஒரு கணக்கு ஆசிரியர் மூன்று கடிகாரங்களுக்கும் சராசரி போட்டு, அதுதான் சரியான நேரமா என்று கேட்டிருக்கிறார்.

முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டு, "அந்த வீடு யாருதுன்னு எப்படியாவது கண்டுபிடி" என்றார். "எங்க வீடுதான் மேடம்" என்றேன். அவ்வளவுதான், அடுத்த இதழின் அட்டையே நம் ஹால். 'ஈர மணல்' போயே போச்சு. புது வாசகம்: 'வந்து உட்காருங்கள்'. என் வேலையும் தப்பியது. ஏப்ரல் 2 அன்று புகைப்படக்காரரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. எதையும் தொடாதீர்கள். தூசிகூடத் தட்ட வேண்டாம்.

அவசரமாக,
பட்டாணி


மார்ச் 20

அன்புள்ள பட்டாணிக்கு,

கோபம் இறங்கிவிட்டது. இறங்கியபின் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை. ஹாலை மாற்றிவிட்டேன்.

உங்கள் பத்திரிகையைப் பெயிண்ட் கடைக்கு எடுத்துப்போய் அந்த நிறத்தைக் காட்டினேன். "சார், இது கலரா, அழுக்கா?" என்று கேட்டார்கள். "ஈர மணல்" என்றேன், கடையில் இருந்த எல்லோரும் வந்து எட்டிப்பார்த்தார்கள். பீரோ படுக்கையறைக்குப் போயிற்று. இப்போது கால்மாட்டு வழியாக ஏறித்தான் கட்டிலில் படுக்கிறோம். சோபாவை முடிவெட்டும் கடைக்குக் கொடுத்துவிட்டேன். கடிகாரங்கள் பீரோவுக்குள் இருந்துகொண்டு ஆளுக்கொரு நேரத்தில் அடிக்கின்றன. ஹாலில் ஒரு நாற்காலி, ஒரு ஜாடி. குச்சி நானே பொறுக்கியது. நாற்காலியில் நானும் அம்மாவும் முறைவைத்து உட்காருகிறோம்.

ஏன் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீ வந்து இரண்டு வருடம் ஆகிறது. வேலை வேலை என்றாய், நம்பினேன். அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அழகான இடங்களிலேயே புழங்குகிறவள் நீ. இங்கே வந்து உட்கார உனக்குக் கூச்சமாக இருந்திருக்கும். வாய்விட்டுச் சொல்லமாட்டாய், உன் சுபாவம் அது. இனிமேல் கூச்சப்பட இங்கே ஒன்றுமில்லை. வாம்மா.

அன்புடன்,
அப்பா

(அம்மா எழுதுவது: குச்சியை இரண்டு தடவை குப்பையில் போட்டேன். இரண்டு தடவையும் கழுவி எடுத்து வைத்துவிட்டார். சீக்கிரம் வந்து சேர்.)


மார்ச் 25

அன்புள்ள அப்பாவுக்கு,

என் கடிதம் வந்து சேருமுன்பே நீங்கள் எழுதிய கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் பிரித்தேன். பீரோ வரைக்கும் சிரித்தேன். அதற்கப்புறம் அழுதுவிட்டேன். புகைப்படக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். அந்தப் பக்கம் தயாரான அன்றைக்கே முதலாளியம்மா எட்டிப்பார்த்து, "ஐயையோ, யார் வீடு இது?" என்று சிரித்தார். "யாரோ மேடம், தெரியல" என்றேன். கூடச் சேர்ந்து சிரிக்கவும் செய்தேன். ஊரெல்லாம் புகழ்ந்த பிறகுதான் அதே வாய் "எங்க வீடு" என்றது. நீங்கள் நினைத்தது பாதி சரி அப்பா. கூச்சம் இருந்தது. வீட்டுக்கு வருவதில் இல்லை, என் வீடு என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்வதில்தான். அந்தப் படம், போன தடவை கிளம்பும்போது வாசலில் நின்று நான் எடுத்தது. வேலை கசந்துபோகிற நாட்களில் அதைத்தான் எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படிப்பட்ட படத்தைத்தான் யாரோ வீடு என்றேன்.

அட்டைக்கு நம் ஹால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கேட்டால் ஒரே நாளில் பழையபடி அடுக்கிவிடுவீர்கள், தெரியும். எனக்காக நீங்கள் பீரோவைத் தூக்கியது போதும். முதலாளியம்மா கோபித்துக்கொண்டு, "அப்போ எங்கம்மா ஹாலை எடு" என்றார். போனோம். அவருடைய அம்மா எங்கள் பத்திரிகையை ஒரு புரட்டுப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். என் வேலை நிலைக்குமா போகுமா என்பது அடுத்த இதழில் தெரியும்.

ஏப்ரல் 2 சொன்னபடி வருகிறேன். கேமரா இல்லாமல், தனியாக. நீங்கள் வேண்டாமென்றால் எழுதுங்கள்.

பட்டாணி


மார்ச் 29

அன்புள்ள பட்டாணிக்கு,

"யாரோ" என்ற இடத்தைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். வலித்தது. பிறகு என் வண்டவாளம் நினைவுக்கு வந்தது.

"உங்க பொண்ணு என்ன பண்றா?" என்று கேட்கிறவர்களிடமெல்லாம், எட்டு வருடமாக "பேங்க்ல ஆபீசர்" என்றுதான் சொல்லிவருகிறேன். உள்ளதைச் சொன்னால், "படம் ஒட்டுற வேலையா?" என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம். அன்றைக்கு முடிவெட்டும் கடையில், முதல் பக்கத்தில் உன் பெயர் இருந்தது. கடைக்காரர் கண்ணில் படாமல் அதை விரலால் மறைத்துக்கொண்டுதான் புரட்டினேன்.

நேற்று அங்கே போனேன். நம் சோபாவில் நாலு பேர் காத்திருந்தார்கள். வெட்டுகிற அளவுக்கு எனக்கு இன்னும் முடி வளரவில்லை. நின்றபடியே, "இந்தப் பத்திரிகைய இப்படி மாத்தினது என் பொண்ணுதான்" என்றேன். நாலு பேரும் பத்திரிகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கடைசியில் ஒருவர், "அடடா, அப்போ பேங்க் வேலை போயிடுச்சா?" என்று வருத்தமாகக் கேட்டார். "அப்படி ஒரு வேலையே இல்ல, நான் சொன்ன பொய்" என்றேன்.

இரண்டாம் தேதி கட்டாயம் வா. தெருவில் யாராவது உன்னிடம் பேங்க் விஷயமாகப் பேச்செடுத்தால் என்னைக் கைகாட்டிவிடு. பதில் சொல்ல வேண்டியவன் நான்தான்.

அன்புடன்,
அப்பா