பலகைக்குள் இருந்த ஆணி

12-8-1996, திங்கள்

நம் மரப் பட்டறைக்குப் பலகை இழைக்கிற மிஷின் வாங்கச் சேலம் போனேன். மரம் வெட்டுகிற எஸ்டேட்டுக்கே ஜீப்பில் தூக்கிப்போகிற மாதிரி சின்னது போதும் என்று நினைப்பு. நாலு கடை ஏறி இறங்கித்தான் முடிவு செய்வதென்று, ஓட்டிப்பார்க்க அங்கே வெட்டிய சில்வர் ஓக் மரப் பலகை ஒன்றையும் பஸ்ஸில் கொண்டுபோனேன்.

முதல் கடையிலேயே, பலகையை உள்ளே விட்டதும் மிஷின் கிரீச்சென்று கத்தியது. எஸ்டேட்டில் மரத்துக்கு நம்பர் தகரம் அடித்த ஆணி உள்ளேயே இருந்திருக்கிறது. கத்தியின் வாயில் சின்னதாக ஒரு துண்டு உடைந்துவிட்டது.

"ஏனுங்க பாய், ஆணி பார்க்காமயா கொண்டாந்தீங்க?" என்றார் கடைக்காரர். மரியாதையாகத்தான் கேட்டார். அப்புறம் அடுத்த கடைக்கு எந்த முகத்தோடு போவது? அதையே வாங்கிக்கொண்டு மலை ஏறினேன்.

நல்ல மிஷின்தான். ஆனால் இழைத்த பலகையில், கத்தி உடைந்த இடத்துக்கு நேராக, நூல் ஓடிய மாதிரி ஒரு கோடு எழும்பி நிற்கிறது. மாற்றுக் கத்தி வரப் பத்து நாளாகுமாம்.

ஆணி பார்க்காமல் இழைத்ததற்காக நம் பட்டறை ஆசாரி ஆறுமுகத்தைப் போன வாரம்தான் எல்லோர் முன்னாலும் திட்டினேன். நாளைக் காலையில் முதல் பலகையை அவர்தான் தடவிப் பார்ப்பார். ஒன்றும் கேட்கமாட்டார்.

கேட்டுவிட்டால் தேவலை.