மூன்று குப்பி எச்சில்

அக்கா,

போன வாரம் உன் மகன் நாமக்கல்லிலிருந்து மதிய பஸ்ஸில் ஏறி வந்தான். உன் புடவைகளை எல்லாம் மருமகள்கள் எடுத்துக்கொண்டார்களாம்; பழைய தோள்பை ஒன்றை மட்டும் எனக்கென்று ஒதுக்கி வைத்தானாம். அவன் போன பிறகு ஜிப்பை இழுத்தேன். ஊசி போடுவதற்கு முன் கையில் தேய்ப்பார்களே, அந்த ஸ்பிரிட் வாசனை. நீ நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியும் அது அந்தப் பையை விட்டுப் போகவில்லை. உள்ளே கண்ணாடிக் கூடு, ஒரு சீப்பு, அடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். ஃபைலில் கம்ப்யூட்டரில் அச்செடுத்த தாள்கள். அவற்றில் மூன்று பெயர்கள்: உன் பெயர், என் பெயர், சித்தப்பா மகன் செல்வராசுவின் பெயர்.

எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, சந்தேகம். இந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டதாக நீ என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தாய்.

நம் வீட்டில் சந்தேகப்படுவதற்கென்றே பிறந்தவள் நீ என்று அப்பா சிரிப்பார். உனக்கும் எனக்கும் பத்து வயது வித்தியாசம். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே உன்னை நாமக்கல் ஆஸ்டலில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். லீவுக்கு நீ வந்தால் அம்மா உன்னிடம் சரியாகப் பேச மாட்டாள். எனக்குத் தலை வாரிப் பின்னிவிடுவாள். உன்னிடம் சீப்பைக் கொடுத்து, 'நீயே வாரிக்க' என்பாள். உன்னைத் தவிட்டுக்கு வாங்கியதாகச் சித்தி ஒருமுறை கேலி செய்தாள். எல்லா வீட்டிலும் எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்கிற கேலிதான். எல்லோரும் சிரித்தோம். நீ மட்டும், "யாருகிட்ட வாங்குனீங்க?" என்று கேட்டாய். அந்தக் கேள்வியை நீ ஐம்பது வருஷம் விடவில்லை. அப்பாவின் சாவுக்குக் கூட்டம் கூடியிருந்தபோதுகூட, பங்காளிகளின் மூக்கையும் நெற்றியையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

போன வருஷம் சித்திரையில் நீ மூன்று சின்னக் குப்பிகளோடு வந்தாய். எச்சிலைத் துப்பி அனுப்பினால் யாருக்கு யார் என்ன உறவு என்று சொல்லிவிடுவார்களாம். செல்வராசுவையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தாய். எனக்கு அது பிடிக்கவில்லை. அப்பாவின் மிளகுக்கொடி நிலம் இன்னும் பாகம் பிரியாமல் கிடக்கிறது. அதற்காகத்தான் ஏதோ செய்கிறாய் என்று நினைத்தேன்.

"நம்ம ரெண்டு பேரு போதாதா? இவன் எச்சில் எதுக்கு?" என்றேன்.

"அவன் நம்ம சித்தப்பன் மகன். அப்பா வழி ரத்தம். நான் அவனோட ஒத்துப்போறனான்னு பாக்கணும்" என்றாய்.

செல்வராசு வாய் நிறைய வெற்றிலையோடு இருந்தான். நீ அவனைத் துப்பச் சொல்லி, வாய் கொப்பளிக்க வைத்து, அரை மணி நேரம் எதையும் வாயில் போடாமல் காக்க வைத்தாய். "ஏனுங்க பெரியக்கா, ஒரு பாக்கு மட்டும்..." என்று அவன் கெஞ்சியதும் நீ முறைத்ததும் நினைவிருக்கிறதா? அன்றைக்குச் சிரித்தது அவ்வளவுதான். நான் என் குப்பியில் கோபத்தோடுதான் துப்பினேன்.

ஆடி பிறந்த பிறகு ஒருநாள், சொல்லாமல் கொள்ளாமல் வந்தாய். நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையலை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் நீ வாசலில் நிற்கிறாய். என் கையைப் பிடித்துக்கொண்டாய். "ஒரே வயித்துல பொறந்தவங்கதான் கண்ணு நாம. அதுல சந்தேகமே இல்லை" என்றாய். தாளைக் காட்டு என்று கேட்டதற்குக் கிழித்துவிட்டேன் என்றாய். பிறகு உள்ளே போய் அம்மாவிடம் வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தாய். நான் காபியோடு வந்தபோது பேச்சு நின்றது. நீ அம்மாவின் காலை மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாய். அம்மாவின் கண் கலங்கியிருந்தது.

உன் கை அவள் காலில் பட்டு நான் பார்த்ததே இல்லை. ஐம்பது வருஷ வழக்கை ஒரு மத்தியானத்தில் யாராவது முடிப்பார்களா? நிலத்தை உனக்கு எழுதிக் கொடுப்பதாக அம்மா சொல்லிவிட்டாள், அதுதான் இந்தப் பாசம் என்று முடிவு கட்டினேன். அதற்கப்புறம் நீ போன் செய்தால் இரண்டு வார்த்தையில் முடித்தேன். சில நாள் எடுக்கவே இல்லை. ஐப்பசியில் உன் நெஞ்சு நின்றுபோனது.

ஃபைலை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அங்கே ரெஜினா டீச்சர் இருக்கிறார்; தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், மேல் வகுப்புகளுக்கு உயிரியல் எடுக்கிறார். பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு, கழுவிக் கவிழ்த்த அண்டாக்களுக்கு நடுவே இருவரும் உட்கார்ந்தோம். அவர் தாள்களை முன்னும் பின்னுமாகப் புரட்டினார். திரும்ப முதலிலிருந்து பார்த்தார். அந்தத் தாமதமே எனக்குச் சரியாகப் படவில்லை.

"டீச்சர், உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுங்க. மறைக்காம சொல்லுங்க."

"சொல்றேன் பழனியம்மா. செல்லுக்குள்ள அம்மா மட்டுமே குடுக்கிற ஒரு சின்னப் பங்கு உண்டு. அது உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். அம்மா ஒருத்தங்கதான்."

"அதத்தான் அக்காவும் சொல்லுச்சு."

"ஆனா முழு அக்கா தங்கச்சின்னா ஏறக்குறையப் பாதி ஒத்துப்போகணும். இங்க கால்வாசிதான் இருக்கு." ஒரு படத்தில் விரலை வைத்தார். "பொண்ணுங்களுக்கு எக்ஸ்னு ரெண்டு இருக்கும். ஒண்ணு அம்மா குடுக்கிறது, இன்னொண்ணு அப்பா குடுக்கிறது. அப்பாகிட்ட எக்ஸ் ஒண்ணே ஒண்ணுதான். எத்தனை பொண்ணு பொறந்தாலும் அதைத்தான் முழுசாக் குடுப்பார். அப்பா ஒருத்தர்னா இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் பொருந்தணும். இதுல விட்டு விட்டுத்தான் பொருந்துது."

"அப்ப அக்கா நெனச்சது சரிதானுங்களா? அது எங்கப்பனுக்குப் பொறக்கலையா?"

டீச்சர் கடைசி இரண்டு தாள்களை என் முன்னால் வைத்தார். ஒன்றில் நீயும் செல்வராசுவும். பெரியப்பா மகளும் சித்தப்பா மகனும் எவ்வளவு பொருந்த வேண்டுமோ அவ்வளவு பொருந்தியிருந்தீர்கள். இன்னொன்றில் நானும் செல்வராசுவும். அதில் சைபர் என்று போட்டிருந்தது.

ஒரு வேலையும் ஓடவில்லை அக்கா. ஒரு கரண்டியை எடுத்து மூன்று முறை கழுவினேன். அப்புறம்தான் நீ சொன்ன வாக்கியம் எனக்கு விளங்கியது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்றாய். ஒரே அப்பனுக்கு என்று சொல்லவில்லை. பஸ்ஸில் மலையேறி வருகிற வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் தேடிக்கொண்டு வந்தாயா?

அதற்குப் பிறகு நான் ஆளே மாறிப்போனேன். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் வயசான ஆண்களைப் பார்த்தால் என் கண் அவர்கள் காதுமடலுக்கும் விரலுக்கும் போகிறது. பஸ்ஸில் ஒரு பெரியவர், "எந்த ஊரு கண்ணு?" என்று கேட்டார். இவர் ஏன் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன். உன் நோய் எனக்கு வந்துவிட்டது.

முந்தாநாள் செல்வராசு வந்தான். வந்ததுமே, "அந்த எச்சில் சமாசாரம் என்னாச்சுங்க சின்னக்கா?" என்றான். நிலத்துக்காகத்தான் கேட்கிறான் என்று நினைத்தேன்.

"அக்கா உன்கிட்ட என்ன சொல்லுச்சு?"

"நான் வெத்தல போட்டதால என் குப்பி மட்டும் கெட்டுப்போச்சுன்னாங்க. செத்துப்போற வரைக்கும் பெரியக்கா மனசுல என்ன கொறையோட இருந்தாங்களோ, என்னாலதானுங்களே? அன்னையிலிருந்து நான் வெத்தலயத் தொடறதில்லீங்க."

அப்போதுதான் கவனித்தேன், அவன் பல் வெளுத்திருந்தது. பொய்யே சொல்லத் தெரியாத நீ எனக்காக இன்னொரு பொய்யும் சொல்லியிருக்கிறாய். அதை ஒரு மனுஷன் இத்தனை மாதம் தன் குற்றமாகச் சுமந்திருக்கிறான். என்னால் தாங்க முடியவில்லை. ஃபைலை எடுத்துவந்து எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிட்டேன். அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "வாரனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனான். காபி அப்படியே இருந்தது. அவன் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நிலத்தில் எனக்குப் பாகமில்லை என்று பங்காளிகளைக் கூட்டிக்கொண்டு வருவானோ, தனியாக வருவானோ, வராமலே போவானோ. தெரியவில்லை.

அவன் போனதும் அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். காது மந்தம்தான், ஆனாலும் நாங்கள் பேசியது கேட்டிருக்கிறது. நான் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள்:

"பெரியவ அன்னைக்கே கேட்டா. சொன்னேன். நீயாக் கேக்கற வரைக்கும் உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னா."

"இப்ப நான் கேக்கறேன்."

சொன்னாள். அந்த ஆளின் பெயரை இங்கே எழுதவில்லை, உனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும், தெரிந்துதான் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தார் என்றாள். அது உண்மையா, என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னதா, என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அதற்கு ரெஜினா டீச்சரிடமும் தாள் கிடையாது.

"அப்பறம் ஏம்மா அக்காவை அப்படி ஒதுக்கி வச்ச? அதுதானே அப்பாவுக்குப் பொறந்த பொண்ணு?"

அம்மா சேலைத் தலைப்பை விரலில் முறுக்கினாள். "அவ கண்ணு எதையும் விடாது சாமி. அப்ப அவளுக்குப் பத்து வயசு. எதையோ பாத்துட்டாளோன்னு எனக்குப் பயம். யாருகிட்டயாவது கேட்டுப்புடுவாளோன்னு பயம். அதான் ஆஸ்டல்ல கொண்டுபோய் விடச் சொன்னேன். திரும்பி வந்தாலும் அவ மூஞ்சியப் பாக்க முடியல."

உன்னிடமும் அவள் இதைச் சொன்னாளாம். நீ, நகவெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டாயாம்.

நான் பிறந்ததற்காக நீ வீட்டை விட்டுப் போனாய் அக்கா. பத்து வயதில், ஒரு டிரங்குப் பெட்டியோடு, ஏன் என்றே தெரியாமல். ஐம்பது வருஷம் கழித்து ஏன் என்று தெரிந்த அன்றைக்கும், நான் கொண்டுவந்து வைத்த காபியைக் குடித்துவிட்டு, சர்க்கரை தூக்கல் என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினாய். நான் உன்னை நிலத்துக்கு ஆசைப்பட்டவள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

நீ சாவதற்கு முதல் நாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாய். மழை பிடித்துக்கொண்டதா, குச்சிக்கிழங்கு எடுத்தாயிற்றா என்று என்னென்னவோ கேட்டாய். நான் உம் கொட்டினேன். கடைசியில் நீ, "எம்மேல ஏதாச்சும் கோவமா கண்ணு?" என்றாய்.

"இல்லக்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அது பொய். சந்தேகப்படத் தெரிந்த நீ அதை நம்பியிருக்க மாட்டாய். என்னிடம் இப்போது மிச்சமிருப்பது அந்தக் கேள்விதான். அடுப்படியில் நிற்கும்போதும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதும் அது கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் நான் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

இல்லக்கா.