தலைகீழாய்ப் பிடித்த சர்டிபிகேட்

கோத்தகிரி
12.8.1974

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் ஆண்டாயி வணக்கத்தோட எழுதுறேன். நான் சுகம். உங்க முழங்கால் எப்படி? நான் சொன்னபடி நீட்டி மடக்குறீங்களா?

அங்க சிலோன்ல, கண்டியில நான் பிசியோதெரபி படிச்சு வாங்கின சர்டிபிகேட்டை இங்க ஆஸ்பத்திரியில காட்டினேன். "சிங்களத்துல இருக்கே, இது செல்லாது. லைசென்ஸ் இல்லாம நோயாளியைத் தொடக் கூடாது"ன்னுட்டார் அதிகாரி. பஜார்ல சுளுக்கு எடுக்கிறவன் 'டாக்டர்'னு போர்டு மாட்டியிருக்கான். அவன்கிட்ட எவனும் கடதாசி கேக்கல!

அப்புறம் அதே அதிகாரி, தோளைத் தூக்க முடியலைன்னு முனகினார். மனசு கேக்காம அவர் கையைப் பிடிச்சு, மெதுவாத் தூக்கிவிட்டேன். வலி குறைஞ்சதும், "எங்கேம்மா படிச்சே?"ங்கிறார். சர்டிபிகேட் அவர் கையிலதான் இருக்கு, தலைகீழா.

முழங்கால் தாங்கினா கண்டிக்குப் போய் இங்கிலீஷ் நகல் வாங்கி அனுப்புங்க. கூடவே நாலு வரி நீங்களும் எழுதுங்க. தபால் பையைக் கட்டப் போறாங்க, முடிக்கிறேன். உங்க கையெழுத்தைப் படிக்க மட்டும் இங்க யாரும் லைசென்ஸ் கேக்க மாட்டாங்க.

ஆண்டாயி