மூன்றாவது பின்

அன்புள்ள அண்ணன் வெர்லினுக்கு, டெல்பா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நலம். டேட்டனில் ஃபாக்டரி வேலை உன் முதுகை விட்டு வைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் என் கண்ணில் பட்டது பிளக்தான். அதில் மூன்றாவது பின் இல்லை. வெட்டிய இடத்தில் பித்தளை புதிதாக மின்னியது. ஞாயிறு சர்ச் முடிந்து வந்தபோது, நான் கட்டிய ஆம்ப்ளிஃபையர் வாசல்படியில் கவிழ்ந்து கிடந்தது. பெரியப்பா மகன் ஓடெல் ஒரு வார்த்தை சொல்லாமல் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

அவன் உனக்கு ஃபோன் செய்தானாமே. எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை தீயணைப்பு மண்டபத்தில் டான்ஸ்; நான் போகவில்லை. ஓடெல் கிட்டாரை என் ஆம்ப்ளிஃபையர் பெட்டியில் மாட்டிக்கொண்டு பாடினான். மூன்றாவது பாட்டின்போது உதடு மைக்கில் பட்டதும் ஷாக் அடித்து டிரம் மேல் போய் விழுந்தான். உதடு வீங்கிவிட்டது. அதற்கு நான் வருந்துகிறேன். ஆனால் எழுந்ததும் ஊர் முன்னால் என்ன சொன்னான் தெரியுமா? "ஒன்பதாவதோட நின்ன பொண்ணு. கிட்டார் பெட்டி கட்டிக் குடுன்னா, சவப்பெட்டிக்கு ஒயர் போட்டுக் குடுத்திருக்கா." எல்லோரும் சிரித்தார்களாம். அப்பா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "அதக் கொண்டுபோய் ஆத்துல போடு" என்றார், அவ்வளவுதான்.

ரேடியோ ரிப்பேர் கடை கூம்ஸ், இந்த டான்ஸ் குறையில்லாமல் நடந்தால் திங்கள் முதல் தன் கடையில் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார். திங்கள் காலையில் அவர் மனைவி கூப்பிட்டு, "இப்பக்கி வேணாம் கண்ணு" என்றாள். அவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

நான் தப்பே செய்யாதவள் இல்லை. பழைய பெட்டி ஒன்றின் உள்பக்கம் ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்து நாலு மாதம் கட்டினேன். முதல் தடவை வால்வுகள் சூடானதும் மாட்டிக்கொண்ட நாய் மாதிரி ஊளையிட்டது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் இரண்டு ஒயரை இடம் மாற்றியதும் அடங்கியது. பிளக்கைப் பிடுங்கிவிட்டோமே என்று கை வைத்தபோது கண்டென்சர் தோள் வரை உதறியது. அதிலிருந்து, உள்ளே தேங்கியிருக்கும் கரண்டை வடித்த பிறகே தொடுகிறேன், அதுவும் கரண்ட் நெஞ்சு வழியாகப் பாயாமலிருக்க இடது கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு. இந்த இரண்டும் என் தப்பு. சனிக்கிழமை நடந்தது என் தப்பு இல்லை.

பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தேன். கரண்ட் வரும் கறுப்பு ஒயர் பாதி பிய்ந்து, அதன் இழைகள் உலோகத் தட்டில் சாய்ந்திருந்தன. அந்தத் தட்டோடுதான் கிட்டார் கம்பிகளும் சேர்ந்திருக்கின்றன; மைக்கில் உதடு பட்டதும் கரண்ட் அவன் வழியாகப் பாய்ந்துவிட்டது. டிரம் அடிக்கும் கேலார்டை மளிகைக் கடையில் பார்த்தபோது சொன்னான்: "கைப்பிடி வெரல அறுக்குதுன்னு ஒயரப் புடிச்சில்ல தூக்கிட்டு வந்தான். அங்க சுவத்துல ரெண்டு ஓட்டதான், மூணாவதுக்கு எடமில்ல. குறடால ஒரே நறுக்கு." முப்பது ராத்தல் பெட்டியை அப்படித் தூக்கினால் எந்தப் பற்றவைப்பு தாங்கும்?

பச்சை ஒயர், அதுதான் மூன்றாவது பின்னுக்குப் போகும் எர்த், முழுசாக இருந்தது. யாராவது இழுத்தால் அது கடைசியாகத்தான் பிய்ய வேண்டும் என்று மற்றவற்றைவிட நாலு விரல் நீளமாக விட்டிருந்தேன். பின் மட்டும் இருந்திருந்தால் ஃபியூஸ் போயிருக்கும், டான்ஸ் அஞ்சு நிமிஷம் நின்றிருக்கும், அவன் உதடு பிழைத்திருக்கும். அந்த மண்டபத்துக்கென்றே, மூன்று பின்னை இரண்டு ஓட்டையில் மாட்டும் ஒரு அடாப்டரை, எப்படிச் சுவர்த் தகட்டின் திருகோடு சேர்த்து எர்த் கொடுப்பது என்று எழுதி, உறையில் போட்டு, பெட்டியின் பின்னால் ஒட்டிக் கொடுத்தேன். அந்த உறையை அவன் பிரிக்கக்கூட இல்லை. ஒன்பதாவதோடு நின்றவள் எழுதியதை, பன்னிரண்டு முடித்தவன் படித்திருக்கலாம்.

நீ யாரோடும் சண்டை போட வேண்டாம். அவன் சொன்னதை நம்பினாயா என்று மட்டும் ஒரு வரி எழுது. நம்பியிருந்தாலும் எழுது. கர்த்தர் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

இன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூம்ஸ் கடைக்குப் போனேன். ஓடெல் அங்கே சாய்ந்து நின்று அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். "வந்துட்டாங்கய்யா இன்ஜினியரம்மா" என்றான். பின்பக்கத்தைக் கழற்றி, பிளக்கை ஒரு பக்கமும் உறையை இன்னொரு பக்கமும் வைத்தேன். கூம்ஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பச்சை ஒயரை விரலால் இழுத்துப் பார்த்தார். "பின் எங்கடா?" என்றார். "அங்க எல்லாரும் அப்படித்தான் வெட்டுவாங்க, கூம்ஸ்" என்றான் அவன். அதன் பிறகு இரண்டு பேரும் பேஸ்பால் பேச ஆரம்பித்தார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான் கல்லாவைச் சுற்றி உள்ளே போனேன். அவர் ரிப்பேர் மேசையருகே காலியாக இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, பிய்ந்த ஒயரைப் பற்றவைக்க சால்டரிங் அயர்னை மாட்டி, அது சூடாகும் வரை காத்திருந்தேன்.

உன் தங்கை,
டெல்பா