ஒரு முறைப்பாடும் ஒருசந்தியும்

மார்ச் 9, 2011. விபூதிப் புதன்

காலைப் பூசை முடிந்து, நெற்றிச் சாம்பலோடேயே கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு பஸ் எடுத்தேன். என் கணவர் றேமண்ட் அங்கேயுள்ள முதியோர் இல்லத்துக்குப் போய் மூன்று மாதம். பாரிசவாதம் வந்து பேச்சும் போன மனுசனை, இரண்டாம் மாடி வீட்டில் வைத்து, இந்த முழங்காலோடு நான் ஒருத்தி தூக்கிப் புரட்ட முடியாது. எங்களுக்குப் பிள்ளை குட்டியும் இல்லை.

முப்பத்தாறு வருடம் தாதியாக வார்டில் நின்றவள் நான். வெள்ளை விரிப்பையும் பூச்சாடியையும் பார்த்து மயங்க மாட்டேன். போர்வையைத் தூக்கிக் குதிக்காலைப் பார்த்தேன், முதுகடியைப் பார்த்தேன். புண் இல்லை. நகம் வெட்டியிருக்கு. சிறுநீர்ப் பையையும் மணந்து பார்த்தேன். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டியதாகச் சார்ட் சொல்கிறது. நிறை ஐம்பத்தொன்றிலிருந்து ஐம்பத்துநாலு கிலோ. மதியச் சாப்பாடு: "முழுதும்", "முழுதும்", "முழுதும்". குறை பிடிக்கப் போனவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஈஸ்டர் வரைக்கும் ஒருசந்தி பிடிப்பதாக அவருக்காக நேர்ந்திருக்கிறேன். இரவு ஒரு நேரச் சாப்பாடு மட்டும். ஆண்டவரே, இன்னும் கொஞ்சக் காலம் அவரை என்னோடு விட்டு வையும். வேறொன்றும் கேட்கவில்லை.

மார்ச் 11, வெள்ளி

வழக்கமாகப் பின்நேரம் நாலு மணிக்குத்தான் போவேன். இன்றைக்கு மாலை கோயிலில் சிலுவைப்பாதை இருக்கென்று மதியமே போனேன். நல்ல வேளை!

கக்கூஸ் கழுவுகிற ஆறாயி அவருடைய கட்டிலோரம் ஸ்ரூலில் இருந்து வாய் நிறையத் தின்றுகொண்டிருக்கிறாள். அவருடைய தட்டு அவள் மடியில். பாதிக்கு மேல் காலி. பக்கத்தில் அவளுடைய சோற்றுப் பார்சலும் விரித்தபடி.

"நோயாளியின்ர சாப்பாட்டையாடி தின்னுறாய்?"

"இல்லீங்கம்மா, ஐயாவுக்குத்தான்..."

"வாயைப் பொத்து! கக்கூஸ் கழுவின கை!"

மேட்றன் பிறிஜெற் ஓடி வந்தா. களவு, சுத்தமின்மை, இரண்டையும் எழுதி முறைப்பாடு கொடுத்தேன். எழுத்தில் கொடுத்தால்தான் அசைவார்கள், எனக்குத் தெரியும். கையெழுத்துக்குக் கீழே "ஓய்வுபெற்ற வார்ட் சிஸ்டர்" என்றும் போட்டேன்.

மார்ச் 14, திங்கள்

ஆறாயியை வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார்களாம். சரி.

மார்ச் 19, சனி

இப்போது தினமும் மதியம் போகிறேன். பக்கத்தில் இருந்து, கண் வெட்டாமல் பார்க்கிறேன். தாதி கரண்டியைக் கொண்டு போனால் வாயை இறுக்கி மூடுகிறார். நான் கொடுத்தாலும் அப்படித்தான். "ஒரு வாய் றேமண்ட், எனக்காக." தலையைச் சுவர்ப் பக்கம் திருப்புகிறார். என்னோட என்ன கோவம் உங்களுக்கு?

மார்ச் 24, வியாழன்

மூக்கால் குழாய் போட்டுவிட்டார்கள். நிறை ஐம்பது. குழாயை இழுத்து எறியாமல் இருக்க, அசைகிற அந்த ஒரு கையையும் பாண்டேஜால் கட்டிலோடு கட்டியிருக்கு. நான் எத்தனை பேரின் கையை இப்படிக் கட்டியிருப்பேன்! ஒருநாளும் நெஞ்சு பதறியதில்லை.

சார்ட்டைக் கேட்டு வாங்கினேன். போன கிழமை அவர் ஒரு பருக்கை இறக்காத நாட்களிலும் "முழுதும்". ஒரே பேனை, ஒரே சாய்வு, ஒரே இருப்பில் எழுதினது. எனக்குத் தெரியாதா? ஆள் போதாத நாட்களில், விடிய ஆறு மணிக்கு, இரவு முழுக்கப் புரட்டியதாக ஒன்றாக நிரப்பிவிட்டு வீட்டுக்குப் போனவள்தானே நான். அப்படிப்பட்ட நான் சார்ட்டை நம்பினேனே!

அப்படியென்றால் அந்த மூன்று கிலோ எங்கேயிருந்து வந்தது?

மார்ச் 26, சனி

பக்கத்துக் கட்டில் பேதுரு அண்ணையிடம் கேட்டேன். துறைமுகத்தில் வேலை செய்தவர். கால்தான் இல்லை, புத்தி நல்ல தெளிவு.

"அந்தப் பிள்ளை ஆறாயிதான் மூண்டு மாசமும் அவருக்குச் சோறு தீத்தினது. நேர்ஸ் மிஸிமார் தட்டை வச்சிட்டுப் போயிடுவினம். இவள் தன்ர பார்சலைக் கொண்டுவந்து பக்கத்தில இருந்து தின்னுவாள். அவள் தின்ன, இவரும் தின்னுவார்."

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணை!"

"நீங்க கத்தின கத்தில ஆர் வாய் திறக்கிறது?"

பஸ்ஸில் முன்சீற்றில் இருந்து அழுதேன். யார் பார்த்தால் என்ன? பாவி நான், பாவி.

மார்ச் 29, செவ்வாய்

கிருலப்பனையில் தேடிப் பிடித்தேன். கால்வாய்க் கரையோரம், பலகை வீடு. ஆறாயி உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்ப வச்சு நான் என்னம்மா செய்ய? ரெண்டு எடத்துல வேல கேட்டேன். திருடின்னு இல்லத்துக்காரங்க போன்ல சொல்லிப்புட்டாங்க. நான் திருடலேன்னு எழுதிக் குடுங்க."

எழுதினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"சத்தமா படிங்க. அக்கம்பக்கத்துக்கும் கேக்கணும்."

வாசித்தேன். "என் முறைப்பாடு பிழையானது. ஆறாயி எதையும் திருடவில்லை. என் கணவர் உயிரோடு இருப்பது அவளால்." கடைசி வரியில் குரல் போய்விட்டது. அவள் விடவில்லை. அந்த வரியை மறுபடி வாசிக்கச் செய்தாள்.

பிறகுதான், "ஐயா எப்புடி இருக்காரு?" என்று கேட்டாள். குழாயைச் சொன்னேன். கட்டின கையைச் சொன்னேன்.

"அவர பாக்காதீங்கம்மா. ஒங்க பாட்டுக்கு நீங்க சாப்புடுங்க. அப்பப்ப கரண்டிய மட்டும் நீட்டுங்க. பாத்துக்கிட்டே இருந்தா வாங்க மாட்டாரு. வாயில ஒழுகுதுல்ல, வெக்கம்."

திரும்பி வருகிறாயா என்று கேட்டேன். வர மாட்டேன் என்றாள். நியாயம்தான்.

ஏப்ரல் 1, வெள்ளி

கடிதத்தின் பிரதியை மேட்றனிடம் கொடுத்தேன். "முடிஞ்ச கதையை ஏன் சிஸ்டர் கிளறுறீங்க?" என்றா. மதியத்தில் மட்டும், நிமிர்த்தி இருத்தி, குழைத்த சோறு கொடுத்துப் பார்க்க டொக்டர் சம்மதித்தார். பொறுப்பு என்னுடையது என்று கையெழுத்தும் வாங்கினார். அடுத்த வெள்ளிக்குள் அவர் வாயால் வாங்காவிட்டால், வயிற்றில் துளை போட்டு நிரந்தரமாகக் குழாய்.

நேர்த்தியை என்ன செய்வது? அவருக்காக என்று ஒருசந்தி பிடித்து, காய்ந்த முகத்தோடு அவர் வாயையே முறைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். ஃபாதரிடம் கேட்கப் போகவில்லை. காலி வீதிக் கடையில் எனக்குச் சோற்றுப் பார்சல் ஒன்று வாங்கினேன். ஆண்டவருக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அவர் ஒரு வாயும் வாங்கவில்லை.

ஏப்ரல் 2

இல்லை.

ஏப்ரல் 3, ஞாயிறு

இல்லை. எனக்கும் தொண்டையால் இறங்கவில்லை. கடைக்கண்ணால் பார்த்துவிடுகிறேன். அது அவருக்குத் தெரிகிறது.

ஏப்ரல் 4

இல்லை. ஆறாயி கடிதத்தோடு தெஹிவளையில் ஒரு இடத்துக்கு வேலை கேட்டுப் போனாளாம். யோசித்துச் சொல்கிறோம் என்றார்களாம். நான் எழுதின முதல் கடிதத்துக்கு மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

ஏப்ரல் 5, செவ்வாய்

மழை. பஸ் கொள்ளுப்பிட்டியில் பழுதாகி நின்றது. நனைந்து போய்ச் சேர ஒன்றரை மணி. பசி கண்ணை அடைத்தது. அவர் கையை அவிழ்த்து, நிமிர்த்தி இருத்தி, குழைத்த சோற்றை என் இடது பக்கம் வைத்துவிட்டு பார்சலைப் பிரித்தேன்.

பேதுரு அண்ணை சனிக்கிழமை இலங்கை தோற்ற உலகக் கிண்ணக் கிரிக்கெட்டை இன்னும் விடவில்லை. "இருநூற்று எழுபத்திநாலு அடிச்சும் தோக்கிறதே! பனிதான் காரணம், பந்து நனைஞ்சிட்டு."

"பனியாவது கினியாவது! ரெண்டு பகுதிக்கும் ஒரே மைதானம்தானே?"

"உங்களுக்கு என்ன தெரியும்?"

"தோத்துப்போய் அழாப்பி அழாப்பிக் கதைக்கிறது எனக்குத் தெரியும்!"

மீன் துண்டைப் பிய்த்து வாயில் வைத்தபடி சண்டை பிடித்தேன். இடது கை தன் பாட்டுக்குக் கரண்டியை அவர் பக்கம் நீட்டியிருந்தது. கரண்டி லேசானது. பேதுரு அண்ணை பாதி வசனத்தில் நிறுத்திவிட்டார். "கதையுங்கோ அண்ணை," என்றேன். "கதையுங்கோ." பனியைப் பற்றி மறுபடி தொடங்கினார். அள்ளி நீட்டினேன். மறுபடி லேசானது. கண்ணால் தண்ணீர் ஓட, நான் என் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் முடிந்தபின் சின்னத் தாதி சார்ட்டோடு வந்தாள். எவ்வளவு சாப்பிட்டார் என்று சிங்களத்தில் கேட்டாள்.

"நான் பார்க்கவில்லை மகள்," என்றேன். "நீயே தட்டைப் பார்த்து எழுது."