தறி ஓடாத நாளின் சத்தம்

ஜூலை 20, ஞாயிறு

நின்றுகொண்டே எழுதுகிறேன், அதனால் எழுத்து கோணல். தவளை போஸ்ட் போட்டிருக்கிறது!

ஏழு வருடமாக நெட்டில் இசை போட்டும் முகம் காட்டாத தவளை. ஆணா பெண்ணா என்றுகூட யாருக்கும் தெரியாது. மிக்சி ஓடுவதையும் தகரத்தில் மழை விழுவதையும் வைத்தே முப்பத்தொரு டிராக் போட்டிருக்கிறது, எனக்கு முப்பத்தொன்றும் மனப்பாடம். சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போது பைபிளுக்குள் போனை வைத்துப் படித்தேன் (ஆண்டவர் மன்னிப்பார், அம்மா மன்னிக்காது). "உங்க ஊர் ஒரு நிமிஷம் எப்படிக் கேட்கும்? அனுப்புங்க. எதையும் சேர்க்கக் கூடாது, கழிக்கலாம். ஊர்ப் பேரும் எடுத்த தேதியும் கட்டாயம். வியாழக்கிழமை கடைசி." தவளைக்குப் பிடித்த சத்தங்கள் அடுத்த டிராக்கில் வரும்.

காஞ்சிபுரம் என்றால் தறி. யோசிக்க என்ன இருக்கிறது? அம்மா குஞ்சம் கட்டி முடிக்கிற பட்டுச் சேலைகளைக் கொடுக்க வாரத்துக்கு மூன்று தடவை பிள்ளையார்பாளையம் போகிறேன். எந்தச் சந்தில் நின்றாலும் தறிதான். நாளைக்கே முடித்துவிடுவேன்.

ஜூலை 21, திங்கள்

முடியவில்லை. ஆடி மாதம். சந்துக்குச் சந்து அம்மன் கோயில், கோயிலுக்கு நாலு ஸ்பீக்கர். தறி ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்குத் தெரியவில்லை. ரெக்கார்டிங்கில் உடுக்கை மட்டும்.

ஜூலை 22, செவ்வாய்

இன்னும் அதிக ஸ்பீக்கர். கூழ் ஊற்றினார்கள், இரண்டு சொம்பு குடித்தேன். அது ஒன்றுதான் லாபம்.

ஜூலை 23, புதன்

லக்ஷணா அனுப்பிவிட்டாள். சின்ன காஞ்சிபுரத்தில் அவள் வீட்டு வாசலில் நின்றாலே கோயில் சத்தம் வந்துவிடும், கொடுத்துவைத்தவள். தவளை ரசிகர் குரூப்பில் நாங்கள் இரண்டு பேர்தான் இந்த ஊர். எப்போது கேட்டாலும் கிடைக்கிற தறிக்கு என்னடி அவசரம் என்று ஞாயிற்றுக்கிழமை அவளிடம் நானேதான் பெருமையடித்தேன்.

நாளை ஸ்பீக்கர் கிடையாதாம், பந்தல்காரர் சொன்னார். நாளை. நாளை!

ஜூலை 24, வியாழன் (மதியம் மூன்று மணி, இன்னும் சாப்பிடவில்லை)

வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலையில் அம்மாவின் லிஸ்ட்: சேலை மூன்று வீட்டில் கொடுக்க வேண்டும், பிரஷர் மாத்திரை, மாவு மில், அரக்கு நிற நூல். செவிலிமேட்டிலிருந்து ஸ்கூட்டியில் கிளம்பினேன். ஏதோ மாதிரி இருந்தது. பட்டுக்கடைகள் இருக்கிற காந்தி ரோட்டில் வெளியூர் கார் ஒன்றுகூட இல்லை. ஆடியில் கல்யாணம் கிடையாது, அது சரி. மாவு மில் ஏன் பூட்டு? நூல் கடைக்காரர் ஏன் என்னைப் பார்த்து ஆச்சரியப்படுகிறார்? சிக்னலில் நான் மட்டும் நின்றேன், ஒரு மாடு நிற்காமல் போனது. ஊரே எனக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சத்தமாகப் பாடியபடியே பிள்ளையார்பாளையம் போனேன்.

அங்கே தறியும் இல்லை.

ஒன்றுகூட இல்லை! தெரு முழுக்கக் கதவு சாத்தியிருக்கிறது. லக்ஷணாவுக்குப் போன் போட்டேன். அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "ஏண்டி, இன்னிக்கு ஆடி அமாவாசை. அமாவாசையில யாராவது தறியில உக்காருவாளா?"

எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே தெரியும், அமாவாசை என்றால் தறிக்கு லீவு. ஆனால் என் போன் காலண்டரில் கிறிஸ்மஸும் தவளையின் ரிலீஸ் தேதியும்தான் இருக்கின்றன. அமாவாசை இல்லை.

பாதி ஊர் சர்வதீர்த்தக் குளத்தில் தர்ப்பணத்துக்குப் போயிருக்கிறது, மீதி ஊர் வீட்டில் படையல் சமைக்கிறது. சரி, சேலையையாவது கொடுப்போம் என்று போனால் முதல் இரண்டு வீடும் பூட்டு. மூன்றாவது வீட்டுக்கு, தேவகி அக்கா வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தி, ஜன்னலில் போர்வை தொங்கவிட்டிருந்தது. அப்போது கேட்டது.

டக், டக், டக் — கீச்.

தறி. ஒரே ஒரு தறி. சுற்றி அவ்வளவு அமைதி. ஏழு வருடம் ஹெட்போனில் வாழ்ந்தவள் சொல்கிறேன், அதைவிட அழகான சத்தம் நான் கேட்டதில்லை. ஜன்னலடியில் போனை நீட்டி மூச்சை அடக்கி ஒரு முழு நிமிடம் எடுத்தேன். எடுத்து முடித்ததும் குதித்தேன். குதித்ததில் வாளி உருண்டது.

சத்தம் நின்றது. கதவு கொஞ்சமாகத் திறந்தது. தேவகி அக்கா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டது.

எல்லாவற்றையும் சொன்னேன் — தவளை, ஒரு நிமிடம், தேதி. அக்காவும் சொன்னது. அக்கா வீட்டுக்காரர் முனுசாமி அண்ணனுக்கு ஒரு வாரம் ஜுரம், தறி சும்மா கிடந்தது. சேலைக்கு ஆர்டர் கொடுத்த பெண் நாளை ராத்திரி பிளைட்டில் வெளிநாடு போகிறது. இன்னும் ஒரு முழம் பாக்கி. ஆளுக்குக் கொஞ்ச நேரம் மாற்றி மாற்றி உட்கார்கிறார்கள். பக்கத்து வீட்டுத் தில்லையம்மாள் குளத்துக்குப் போயிருக்கிற தைரியத்தில்.

"அத அனுப்பாதம்மா. எங்க தறிக்கு ஒரு கீச்சு இருக்குது, கேட்ட இல்ல? தெருவுல யாரு கேட்டாலும் தேவகி ஊட்டுத் தறின்னு சொல்லிடுவாங்க. அதுல தேதி வேற போடுவேங்கற."

யார் கேட்கப் போகிறார்கள் என்றேன்.

"தில்லையம்மா பொண்ணு நாள் பூரா போனத்தான் பாத்துகினு இருக்குது. இனிமே இவருக்கு ஒரு தும்மல் வந்தாக்கூட, அமாவாசையில தறி ஓட்டன இல்ல, அதான்னு சொல்லுவாங்க. எனக்கே உள்ள பயமா இருக்குதும்மா."

சரிக்கா என்றேன். வாய்தான் சொன்னது.

அதற்குள் தில்லையம்மாள் குளத்திலிருந்து திரும்பி மாடிக்கு வந்துவிட்டது. படையல் வைக்காவிட்டால் சந்தேகம் வரும். அக்கா அவசரமாக இலையில் சாதம் போட்டு, தண்ணீர்ச் சொம்பை என் கையில் கொடுத்து மாடிக்கு ஓடியது. பார்த்தால் தெரு முழுக்க, மாடிக்கு மாடி, இலையோடு நிற்கிறார்கள். எல்லோரும் கா, கா என்று கூப்பிடுகிறார்கள். வந்ததே இரண்டு காக்கா. அதுவும் எங்கேயோ நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்த காக்கா. ஒரு தாத்தா கெஞ்சினார். அடுத்த மாடிக்காரர் காக்காவைத் தன் பக்கம் திருப்பப் பார்த்தார். தில்லையம்மாள் திட்டியது. எனக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை. பழக்க தோஷத்தில் ரெக்கார்ட் அமுக்கிவிட்டேன்.

அதே நாள், மாலை ஆறு

அனுப்பட்டுமா?

லக்ஷணா அனுப்பு என்கிறாள். அம்மாவிடம் கேட்டால், குஞ்சத்தில் முடிச்சுப் போட்டபடியே, அது உன் சத்தமா அவங்க சத்தமா என்றது. இந்த அம்மா!

ஏழு வருஷம்பா. ஏழு வருஷமா கமென்ட் போட்டுகினு இருக்கேன், ஒரு லைக்காவது வந்துச்சா? இது போச்சுன்னா எது? ஒரு கீச்சு. ஒரே ஒரு கீச்சுக்காக...

அந்த அக்கா "பயமா இருக்குதும்மா"ன்னு சொல்லிச்சு.

அழித்துவிட்டேன். குப்பைத்தொட்டி போல்டரிலிருந்தும். கொஞ்சம் அழுதேன், அப்புறம் முறுக்கு சாப்பிட்டேன்.

அதே நாள், ஏழரை

காக்கா ரெக்கார்டிங்கைப் போட்டுக் கேட்டேன். அய்யோ, என்ன ஒரு சத்தம்! ஒவ்வொரு மாடிக்கும் ஒவ்வொரு கா. ஒன்று கெஞ்சுகிறது, ஒன்று அதட்டுகிறது. இதைவிடக் காஞ்சிபுரம் வேண்டுமா?

ஆனால் அடியில், மெல்லிசாக, கீச். முனுசாமி அண்ணன் கீழே ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்!

கழிக்கலாம் என்பது விதி. வீடியோ பார்த்துப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டது எல்லாம் இதற்குத்தான் போல. கீச்சைப் பிடித்துப் பிடித்து எடுத்தேன், தறியையும் எடுத்தேன். வால்யூமை ஏற்றிச் சரிபார்த்தால் —

இன்னொரு டக் டக். இடது பக்கம். இதில் கீச் இல்லை.

அதையும் எடுத்தேன். மறுபடி கேட்டேன். வலது பக்கத்தில் ஒன்று. எங்கேயோ தூரத்தில் ஒன்று.

நான்கு தறி. அமைதியான தெருவில், அமாவாசை அன்று, நான்கு தறி! தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தேன். அம்மா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது.

நான்கையும் எடுத்துவிட்டேன். எட்டரைக்கு அனுப்பினேன். காக்கா மட்டும்.

ஜூலை 25, வெள்ளி

மாவு மில் திறந்திருந்தது. தேவகி அக்கா மெசேஜ்: சேல போய்ச் சேந்துச்சுமா.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தவளையின் புது டிராக்கில், இரண்டு நிமிடம் பதினாலாவது செகண்ட். நாலு செகண்ட். கா, கா, கா. அதில் கெஞ்சுகிற தாத்தா இருக்கிறார். கீழே சின்ன எழுத்தில்: ஏஞ்சல், காஞ்சிபுரம்.

தவளைக்கு என் பேர் தெரியும்!!! கட்டிலிலிருந்து விழுந்தேன், நிஜமாகவே, முட்டியில் காயம். லக்ஷணாவின் கோயில் மணியும் வந்திருக்கிறது, ஆறு செகண்ட். பரவாயில்லை, சிநேகிதிதானே.

ஆகஸ்ட் 4, திங்கள்

தேவகி அக்காவுக்கு டிராக்கைப் போட்டுக் காட்டினேன். தன் குரலைக் கேட்டு வெட்கப்பட்டது. பிறகு, கழிக்காத காக்கா ரெக்கார்டிங்கை வால்யூம் ஏற்றிப் போட்டு, ஹெட்போனை மாட்டிவிட்டேன். இதை யாருக்கும் அனுப்பவில்லை, நீங்கள் கேட்டதும் அழித்துவிடுவேன் என்றேன்.

அக்கா கண்ணை மூடிக் கேட்டது. தன் கீச்சு வந்தபோது உதட்டைக் கடித்தது. அப்புறம் தலையைத் தூக்கியது.

"இது மணியம்மா ஊடு. அது அந்தாண்ட கோடி ஊடு." இன்னொரு தடவை போடச் சொன்னது. "இந்த இடது பக்கத்துது... மா, இது தில்லையம்மா தறி."

ஹெட்போனைக் கழற்றாமலே, வாயைப் பொத்திக்கொண்டு, தரையில் உட்கார்ந்து சிரித்தது. முனுசாமி அண்ணன் என்ன என்ன என்று கேட்கிறார். நான் கிளம்பும்போது, தில்லையம்மாகிட்ட நானே பேசிக்கறேன், நீ அழிச்சுடும்மா என்றது. கண் எதிரிலேயே அழித்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அம்மாவின் லிஸ்ட்: சேலை இரண்டு, மாத்திரை, பச்சை நூல். மாவு மில் பூட்டு, இந்தத் தடவை ஏன் என்று தெரியும், அமாவாசையைப் போன் காலண்டரில் போட்டுவைத்திருக்கிறேன். தெரு அமைதி. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. தேவகி அக்கா வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது, ஜன்னலில் போர்வை இல்லை. அடுத்த வீட்டு வாசலில் தில்லையம்மாள் முறத்தோடு உட்கார்ந்து, எதுவும் கேட்காதவள் மாதிரி அரிசி புடைத்துக்கொண்டிருந்தது.